மூட்டு மாற்று சிகிச்சை: ஆறாம் மாதக் கேள்வித்தாளுக்குப் பதில் வருவதில்லை, என்ன செய்யலாம்?

மூட்டுப்பிரிவு:
வணக்கம். முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு வருபவர்களிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோர் (மூட்டின் வலி, இயக்கம் பற்றிய கேள்வித்தாள்), இக்யூ-5டி-5எல் (பொது ஆரோக்கியம் பற்றியது) இரண்டும் வாங்குகிறோம். ஆபரேஷனுக்கு முன் கிட்டத்தட்ட எல்லோரும் நிரப்பிவிடுகிறார்கள். ஆறாம் மாதத்தில் பாதிப்பேர்கூட நிரப்புவதில்லை. எஸ்எம்எஸ் லிங்க் மூன்று தடவை போகிறது. நான்காவதும் அனுப்புங்கள் என்கிறது நிர்வாகம். நினைவூட்டலைக் கூட்டினால் பலன் உண்டா, இல்லை கேள்விகளைக் குறைக்க வேண்டுமா? நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

எண்ணாளர்:
இரண்டுக்கும் முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். "பதில் விகிதம்" என்ற ஒற்றை எண் எதையும் காட்டாது. தகுதியானவர் எத்தனை பேர், அனுப்பியது எத்தனை, போய்ச் சேர்ந்தது எத்தனை, லிங்க்கைத் திறந்தவர், முதல் கேள்விக்குப் பதில் சொன்னவர், கடைசிவரை முடித்தவர், அந்தப் பதில் கேஸ் ஷீட்டில் ஏறியது எத்தனை, அதை டாக்டர் திறந்து பார்த்தது எத்தனை. எட்டு எண்கள். எந்த இரண்டுக்கு நடுவே பெரிய சரிவு இருக்கிறதோ அங்கேதான் வேலை.

போய்ச் சேராததுதான் பிரச்சினை என்றால், பழைய நம்பருக்கே நான்காவது எஸ்எம்எஸ்ஸும் போகும். திறந்துவிட்டுப் பாதியில் விட்டவர்கள் அதிகம் என்றால் கேள்வித்தாளின் வடிவத்தில் கோளாறு. திறக்கவே இல்லை என்றால் யார் அனுப்பியது, எதற்கு என்பது அவர்களுக்குப் புரியவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு.

வகுக்கும் எண்ணையும் சரிபாருங்கள். இறந்தவர்கள், மறு ஆபரேஷன் ஆனவர்கள், தங்கள் மொழியில் படிவம் இல்லாதவர்கள் எல்லோரையும் "பதிலளிக்கவில்லை" என்று ஒரே பெட்டியில் போடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் காரணக் குறியீடு வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் நோயாளியின் நிலையைச் சிஸ்டம் அன்றைய தேதிக்குச் சரிபார்க்க வேண்டும். இறந்தவர் வீட்டுக்கு "உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது" என்று செய்தி போவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் கொடுமை. அதைத் தடுப்பது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

ஓபி_நர்ஸ்:
எண்ணாளர் சொன்னதோட கடைசி எண்தான் எனக்கு முதல் எண். டாக்டர் பாக்கலைன்னா மத்த ஏழும் நாளாக நாளாகக் கீழே போகும். ஒரு தடவை சிரமப்பட்டு நிரப்பிட்டு உள்ளே போறாங்க, டாக்டர் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை, திரும்ப முதல்லேருந்து "வலி எப்படி இருக்கு"ன்னு கேக்கறார். அடுத்த தடவை அவங்க ஏன் நிரப்பணும்?

ரிசப்ஷன்ல டேப்லெட் கொடுக்கும்போது சொல்ற வாக்கியமும் முக்கியம். "இந்த ஃபார்மை ஃபில் பண்ணிடுங்க"ன்னா அது இன்னொரு ஃபார்ம், அவ்வளவுதான். "படி ஏறுறது, தூக்கம், வலி இதெல்லாம் எப்படி இருக்குன்னு பன்னிரண்டு கேள்வி. டாக்டர் உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுவார்"ன்னு சொல்லணும். ஆனா டாக்டர் உண்மையிலேயே பார்க்கற இடத்துல மட்டும் சொல்லுங்க. பொய்யா சொன்னா ரெண்டாவது விசிட்லயே தெரிஞ்சுடும்.

மூட்டுப்பிரிவு:
மேடம், ஆறாம் மாதத்தில் எங்கள் நோயாளிகளுக்கு விசிட்டே கிடையாது. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் இரண்டோடு ஃபாலோஅப் முடிந்துவிடும். அதன்பின் ஏதாவது தொந்தரவு இருந்தால்தான் வருவார்கள்.

ஓபி_நர்ஸ்:
அப்ப சரிவு அங்கதான் இருக்கு. விசிட் இல்லாத கேள்வித்தாளுக்கு அவங்க பக்கம் ஒரு காரணமும் இல்லை. மூணாவது மாச விசிட்லயே, "ஆறாவது மாசம் நீங்க வர வேண்டாம், அதுக்குப் பதிலா இந்தக் கேள்விகள் வரும், பதில் சரியில்லைன்னா நாங்க கூப்பிடுவோம்"ன்னு டாக்டர் வாயால சொல்லணும். அப்பவே நம்பரைச் சரிபாருங்க, வேற ஒரு நம்பரும் வாங்குங்க. சொன்ன மாதிரி ஸ்கோர் விழுந்தவங்களைக் கூப்பிடவும் செய்யணும்.

எண்ணாளர்:
இங்கே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆறாம் மாத ஸ்கோர் யாருக்கு? நோயாளியின் சிகிச்சைக்கா, பிரிவின் தரத்தை அளக்கவா? இங்கிலாந்தின் தேசியத் திட்டம் 2009 ஏப்ரலில் தொடங்கியது. இடுப்பு, முழங்கால், குடலிறக்கம், வெரிகோஸ் வெயின் என நான்கு ஆபரேஷன்கள். பின் இரண்டும் 2017இல் நிறுத்தப்பட்டன. மூட்டுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் அங்கேயும் கேட்கிறார்கள். நோக்கம் மருத்துவமனைகளை ஒப்பிடுவது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் உள்நோயாளி மூட்டு மாற்றுக்கு, ஆபரேஷனுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஒன்று, பிந்தைய 300 முதல் 425 நாட்களுக்குள் ஒன்று என ஜோடியாகச் சேர்க்க வேண்டும். தகுதியானவர்களில் பாதிப்பேருக்காவது ஜோடி முழுமையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது பாதியை எட்டுவதே எளிதல்ல என்று விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒப்பீட்டுக்கு என்றால் அதிகபட்ச முழுமை தேவை, போன் செய்தாவது வாங்க வேண்டும். சிகிச்சைக்கு என்றால் சரியான நேரமும் படிக்கும் கண்ணும் தேவை. இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் திணித்தால் இரண்டும் அரைகுறையாகும்.

ஆன்கோ_மலர்:
கீமோ பிரிவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் துறையில் இதற்கு வலுவான ஆதாரம் இருப்பதால் சொல்கிறேன். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் 766 நோயாளிகளை வைத்து நடந்த சோதனை. 2016இல் முதல் முடிவு. கீமோ எடுப்பவர்கள் 12 பொதுவான தொந்தரவுகளை டேப்லெட்டிலோ கம்ப்யூட்டரிலோ தாங்களே பதிந்தார்கள். கடுமையாக இருந்தாலோ கூடினாலோ நர்ஸுக்கு மெயில் போனது. ஆறாம் மாதத்தில் வாழ்க்கைத் தரம் மேம்பட்டவர்கள் 34 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 18. அடுத்த ஆண்டு வந்த முடிவில், உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26.0.

இதில் நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வது வேறொன்று. கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்குத்தான் பலன் கூடுதலாக இருந்தது. "எங்கள் நோயாளிகளுக்கு இதெல்லாம் வராது" என்று யாரையெல்லாம் பட்டியலிலிருந்து எடுக்கிறோமோ, அவர்கள்தான் தொந்தரவை வாய்விட்டுச் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறவர்கள்.

பின்னர் 52 புற்றுநோய் சிகிச்சை மையங்களில் வாரந்தோறும் கேட்ட சோதனையில் எதிர்பார்த்த படிவங்களில் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பின. இணையமா தானியங்கிப் போன் அழைப்பா என்று நோயாளியே தேர்ந்தெடுத்தார். அதோடு, அலர்ட் வந்தால் யாராவது கூப்பிட்டார்கள். எனவே நினைவூட்டல் எண்ணிக்கையை விட, வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மறுமொழியும்தான் விகிதத்தைத் தூக்குகின்றன என்பது என் கணிப்பு.

கணினிக்கட்டு:
தொழில்நுட்பப் பக்கம் நான் சொல்கிறேன்.

லாகின் கேட்டீர்கள் என்றால் அங்கேயே பெரும்பகுதி போய்விடும். ஆறு மாதத்துக்கு முன் வைத்த பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு நபருக்கு ஒரு லிங்க், உள்ளே நுழையப் பிறந்த தேதி மட்டும். ஐந்து தடவை தப்பாகப் போட்டால் பூட்டு. லிங்க் 48 மணி நேரத்தில் காலாவதி என்று வைப்பது பரவலான தவறு. படிவத்துக்கான கால வரம்பு முடியும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸில் நோயின் பெயரோ பிரிவின் பெயரோ வேண்டாம், போனைக் குடும்பமே பயன்படுத்தும். செய்தி அனுப்புபவர் பெயர் மருத்துவமனையினுடையதாக இருக்கட்டும், அறிமுகமில்லாத நம்பரிலிருந்து வரும் லிங்க்கை இன்று யாரும் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது.

ஒரு திரைக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு பதிலும் தொட்டவுடன் சேமிப்பாக வேண்டும். "சமர்ப்பி" பொத்தானை அழுத்தினால்தான் சேமிப்பு என்றால் பதினொன்றாவது கேள்வியில் போன் வந்து எல்லாம் போய்விடும். திரும்பி வந்தால் விட்ட இடத்தில் திறக்க வேண்டும். வழுக்கிக் கோட்டில் (ஸ்லைடரில்) 0 முதல் 100 கேட்கும்போது குமிழை 50இல் நிறுத்தி வைக்காதீர்கள். தொடாமலே அடுத்ததற்குப் போகிறவர் 50 என்று பதிவாகிவிடுவார். தொட்ட பிறகுதான் குமிழே தெரிய வேண்டும்.

கேஸ் ஷீட்டில் மொத்த ஸ்கோரை மட்டும் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு கேள்வியின் பதில், படிவத்தின் பதிப்பு, மொழி, வழி (திரையா, காகிதமா, போனா), நிரப்பிய நேரம் எல்லாம் வேண்டும். மருத்துவத் தரவைச் சிஸ்டங்களுக்கிடையே பரிமாற உதவும் ஃபயர் (FHIR) தரநிலையில் கேள்வித்தாளும் பதிலும் தனித்தனி தரவு வகைகளாகவே இருக்கின்றன. அதன்படி வைத்தால் பின்னால் சிஸ்டம் மாறினாலும் தரவு பிழைக்கும். பிடிஎஃப் ஆக ஸ்கேன் செய்து ஏற்றுவது, இல்லாததற்குச் சமம்.

மூட்டுப்பிரிவு:
எல்லாக் கேள்விக்கும் பதில் கட்டாயம் என்று வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிடலாமா? விடுபட்டால் ஸ்கோர் போட முடியாதே என்று பயம்.

எண்ணாளர்:
எடுத்துவிடுங்கள். "இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று ஒரு வழி இருக்கட்டும். கட்டாயப்படுத்தினால் இரண்டு நடக்கும்: கண்டதைத் தொட்டுத் தாண்டுவார், அல்லது மொத்தமாக மூடிவிடுவார். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோரில் 12 கேள்விகள், ஒவ்வொன்றும் 0 முதல் 4, மொத்தம் 48, கூடினால் நல்லது. ஒன்றிரண்டு விடுபட்டால் மற்றவற்றின் சராசரியை அங்கே வைக்கலாம். இரண்டுக்கு மேல் போனால் ஸ்கோர் போடக் கூடாது. புற்றுநோயில் பயன்படும் க்யூஎல்க்யூ-சி30இல் ஒவ்வொரு பிரிவிலும் பாதிக்காவது பதில் இருந்தால் போதும். ஒவ்வொரு படிவத்துக்கும் அதன் கையேட்டில் விதி உண்டு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

பழைய ஆக்ஸ்ஃபோர்டு முறையில் 12 முதல் 60, அதில் குறைந்தால் நல்லது. பழைய தரவு வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்துவிடாமல் கவனிக்க வேண்டும்.

மனநல_ஓபி:
மூட்டுப் பிரிவுக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை. ஆனாலும் பல இடங்களில் மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9ஐயும் கூடவே அனுப்புவதால் சொல்லியாக வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்த ஸ்கோர் 27க்கு 6 என்று லேசாக இருந்தும் ஒன்பதாவதில் 1 இருக்கலாம். மொத்தத்தை வைத்து மட்டும் அலர்ட் போடும் சிஸ்டம் அவரை விட்டுவிடும். ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும் தனி அலர்ட். அது யாருக்குப் போகிறது, அவர் லீவில் இருந்தால் யார், எத்தனை மணிக்குள் கூப்பிடுவார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து நிரப்புகிறார், காலை ஒன்பது வரை யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் அந்தக் கேள்வியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒன்பதாவது இல்லாத பிஎச்க்யூ-8 இருக்கிறது, மொத்தம் 24. மனச்சோர்வு இருக்கலாம் என்று காட்டும் 10 என்ற எல்லை அதிலும் பொருந்தும். வீட்டுக்கு அது, நேரில் வரும்போது ஒன்பதும். எப்படியும் "இந்தப் பதில்கள் உடனே பார்க்கப்படுவதில்லை" என்ற வரியும், அவசர உதவி எண்ணும் முதல் திரையிலும் கடைசித் திரையிலும் இருக்க வேண்டும்.

ஆன்கோ_மலர்:
அலர்ட்டைப் பற்றி இன்னொன்று. எல்லையை ரொம்பக் கீழே வைத்தால் நர்ஸ் இரண்டு வாரத்தில் அலர்ட் பார்ப்பதையே விட்டுவிடுவார். நிலையான எல்லையோடு மாற்றத்தையும் சேருங்கள். 0-10 அளவில் எப்போதும் 6 சொல்கிறவருக்கு ஒவ்வொரு வாரமும் அலர்ட் வேண்டாம். 2 சொன்னவர் 5 சொன்னால் வேண்டும்.

ஓபி_நர்ஸ்:
ஒரே ஆளுக்கு மூணு பிரிவிலேருந்து மூணு படிவம் ஒரே வாரத்துல போறதையும் நிறுத்தணும். வலி ஓபி, மூட்டு ஓபி, சர்க்கரை ஓபி எல்லாம் பிஎச்க்யூ கேக்குது. "போன வாரம்தானே சொன்னேன்"ன்னு சரியாத்தான் கோவப்படறாங்க.

கணினிக்கட்டு:
அதற்கு விதி வைக்கலாம். அதே படிவம் கடந்த 14 நாட்களுக்குள் நிரம்பியிருந்தால் பழையதையே எல்லாப் பிரிவுக்கும் காட்டு, புதிதாக அனுப்பாதே. ஆனால் இடையில் ஆபரேஷனோ அட்மிஷனோ நடந்திருந்தால் இந்த விதி வேலை செய்யக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போகும்போதும் இதே சிக்கல் வரும். பழைய தேதிக்கு ஒன்று, புதிய தேதிக்கு ஒன்று என்று இரண்டு லிங்க் உயிரோடு இருக்கும். தேதி மாறினால் பழைய லிங்க்கே புதிய விசிட்டோடு ஒட்ட வேண்டும்.

மூட்டுப்பிரிவு:
கேள்விகளைக் குறைப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. ப்ராமிஸ் தகவமைப்புத் தேர்வுக்கு மாறச் சொல்கிறார் ஒருவர். நான்கைந்து கேள்வியில் முடிந்துவிடுமாம்.

எண்ணாளர்:
நல்ல கருவிதான். முந்தைய பதிலை வைத்து அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும்; குறைந்தது 4, அதிகம் 12; பிழை அளவு 3 புள்ளிக்குக் கீழே போனதும் நின்றுவிடும். ஸ்கோரின் சராசரி 50, திட்ட விலக்கம் 10. அந்த 50 என்பது அமெரிக்கப் பொது மக்கள்தொகையை வைத்து அமைத்தது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஸ்கோர் கூடினால் அந்தப் பண்பு கூடுதல் என்று பொருள். உடல் இயக்கம் 60 என்றால் மகிழ்ச்சி, வலி இடையூறு 60 என்றால் கவலை. டாக்டரின் திரையில் "மேலே போனால் நல்லது", "மேலே போனால் மோசம்" என்று கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதாவிட்டால் தப்பாகப் படிப்பார்கள்.

இரண்டு, ஒரு தனி நோயாளியில் சிறு மாற்றத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு அளவீட்டின் பிழையும் 3 என்றால், இரண்டு அளவீட்டின் வித்தியாசத்தில் பிழை சுமார் 4.2, 95 சதவீத எல்லை 8 புள்ளிக்கு மேல் வரும். வலி இடையூறு 62லிருந்து 58க்கு வந்தவர் தேறியிருக்கலாம், தேறாமலும் இருக்கலாம். அவரிடமே கேட்க வேண்டும். ஐம்பது பேரின் சராசரி 4 நகர்ந்தால் அது வேறு கதை.

பன்னிரண்டு கேள்விக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்கள் பிரச்சினை நீளம் என்று எனக்குத் தோன்றவில்லை. திறந்தவர்கள் முடிக்கிறார்களா என்று பாருங்கள். முடித்தால் நீளத்தைத் தொட வேண்டாம். படிவத்தை மாற்றினால் ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கோரோடு ஒப்பிடும் வாய்ப்பும் போய்விடும்.

மூட்டுப்பிரிவு:
இன்று அந்த எட்டு எண்களை எடுத்துப் பார்த்தோம். சேராதது கணிசம், பழைய நம்பர்கள். அதைவிடப் பெரிய சரிவு "போய்ச் சேர்ந்தது" - "திறந்தது" நடுவில். திறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் முடிக்கிறார்கள். முடிந்ததை டாக்டர்கள் பார்த்தது மிகச் சொற்பம்.

ஓபி_நர்ஸ்:
அப்ப நான்காவது எஸ்எம்எஸ் வேண்டாம்னு நிர்வாகத்துக்கிட்ட காட்ட அந்த ஒரு அட்டவணை போதும்.

எண்ணாளர்:
மூன்றாவது செய்திக்கும் பதில் வராதவர்களுக்கு ஒரு போன் அழைப்பு, வேறு நேரத்தில் இன்னொன்று. அதோடு நிறுத்துங்கள். வராத பதில்களை "நன்றாக இருப்பதால் வரவில்லை" என்றோ "மோசமாக இருப்பதால் வரவில்லை" என்றோ ஊகிக்காதீர்கள். பதிலளித்தவர், அளிக்காதவர் இரு தரப்பின் ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கோர், வயது, உடன் நோய்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை மிகவும் வேறுபட்டால், சர்ஜன்களை ஒப்பிடும் அட்டவணையை வெளியிடவே வேண்டாம். அது அநியாயமாகிவிடும்.

மூட்டுப்பிரிவு:
போனில் கேட்டால் ஸ்கோர் மாறாதா?

எண்ணாளர்:
காகிதத்திலிருந்து திரைக்கு மாறினால் பெரிய வித்தியாசம் வராது என்பதற்கு நிறைய ஆய்வு இருக்கிறது. ஆனால் மனிதர் கேட்டால் மாறும். கேட்பவர் மனம் நோகாதபடி, கொஞ்சம் நன்றாகவே சொல்வார்கள். மனநிலை, தனிப்பட்ட விஷயங்களில் இது கூடுதல். அதனால் வழியைப் பதிவு செய்யுங்கள், பகுப்பாய்வில் தனியாகப் பாருங்கள். பிசியோதெரபிஸ்ட்டோ சர்ஜனின் உதவியாளரோ கூப்பிட வேண்டாம். சிகிச்சையில் பங்கில்லாதவர் கூப்பிடட்டும்.

ஓபி_நர்ஸ்:
போன்ல பல நேரம் மகனோ மருமகளோதான் எடுப்பாங்க, "நான் சொல்றேன் கேளுங்க"ம்பாங்க. கடைசியா ஒரு கேள்வி சேருங்க: தானே பதில் சொன்னார், படிக்கவோ தொடவோ உதவி வாங்கினார், வேறொருவர் அவருக்காகச் சொன்னார். நடக்கறது, படி ஏறுறது மாதிரி கண்ணுக்குத் தெரியறதுல உறவினர் பதில் ஓரளவு ஒத்துப்போகும். வலியிலயும் மனசுலயும் ஒத்துப்போகாது, பெரும்பாலும் நோயாளி சொல்றதைவிட மோசமாச் சொல்வாங்க.

ஆன்கோ_மலர்:
டாக்டர்கள் பார்க்காததற்கு: தனி டேப்பில் வைத்திருந்தால் யாரும் போய்த் திறக்க மாட்டார்கள். அன்றைய குறிப்பு எழுதும் பக்கத்தின் மேலேயே ஒரே வரி. "ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் 19 → 34 / 48. இரவு வலி: பெரும்பாலான இரவுகள்." மொத்த ஸ்கோர், முந்தையது, மோசமான ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஸ்கோர் 34 என்று மட்டும் பார்த்தால் "நல்லா இருக்கு" என்று கடந்துவிடுவார்; இரவு வலி கண்ணில் பட்டால் பேசுவார். விசிட் இல்லாத ஆறாம் மாதத்துக்கு, ஸ்கோர் குறைந்தவர்களின் பட்டியல் வாரம் ஒருமுறை ஒரு குறிப்பிட்ட நர்ஸின் வேலைப் பட்டியலில் விழட்டும். "பிரிவுக்குப் போகும்" என்றால் யாருக்கும் போகாது.

மூட்டுப்பிரிவு:
கடைசியாக ஒன்று. இன்றைய ஆரோக்கியத்துக்கு நோயாளியே மதிப்பெண் போடும் இக்யூ-5டியின் 0-100 அளவுகோலைப் போனில் எப்படிக் கேட்பது? படத்தைப் பார்க்க முடியாதே.

கணினிக்கட்டு:
திரைப் பதிப்பை அப்படியே வாசிக்கச் சொல்லாதீர்கள். இக்யூ-5டியை உருவாக்கிய யூரோகோல் அமைப்பிடம் போன் பேட்டிக்கென்றே தனிப் பதிப்பு இருக்கிறது, அளவுகோலை வாய்மொழியாக விவரிக்கும் வரிகளும் அதிலேயே உண்டு. அவர்கள் தளத்தில் உங்கள் பயன்பாட்டைப் பதிவு செய்யும்போது எந்தெந்த வழி, எந்தெந்த மொழி என்று கேட்பார்கள். போனையும் சேர்த்துக் குறியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கோருக்கும் தனி உரிமம் வேண்டும், மொழிபெயர்ப்பை நீங்களாகச் செய்துகொள்ளக் கூடாது. அழைப்பவருக்கு எழுத்துப் பிரதியைக் கொடுத்து, ஒரு சொல்கூட மாற்றாமல் வாசிக்கச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் விளக்கம் சொல்லாமல் அதே கேள்வியை மறுபடி வாசிக்க வேண்டும். பதிவில் வழி என்ற இடத்தில் "போன்" என்று விழுகிறதா என்று முதல் பத்து அழைப்புகளிலேயே பார்த்துவிடுங்கள். பின்னால் பிரித்தெடுக்க வழியே இருக்காது.